வலது மூலையிலிருந்து ஆறு கட்டம்

சாந்தன்பாறைக்கு மேலே உள்ள ஓர் ஏலத்தோட்டத்தில் சுவக்கீன் ஆபீஸ் கிளார்க். காலையில் பேர் கூப்பிட்டுச் செக்ரோலில் வருகை போடுவதுதான் அவருடைய முக்கிய வேலை. செக்ரோல் என்பது பக்கம் முழுக்கக் கட்டம் போட்ட பெரிய நோட்டு. ஆளுக்கு ஒரு வரி, நாளுக்கு ஒரு கட்டம். நாள் முழுக்கக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்த மனுஷனுக்குச் சீட்டாட்டமா பிடிக்கும்? மதுரையிலிருந்து வரும் 'கதம்பக்கொடி' என்ற மாதப் பத்திரிகைக்கு அவர் குறுக்கெழுத்துப் புதிர் தயாரித்து அனுப்பிக்கொண்டிருந்தார்.

அந்தப் பத்திரிகையின் புதிரில் கட்டங்களை நிரப்பினால் மட்டும் போதாது. நிரப்பிய பிறகு உள்ளே ஒரு சொல் ஒளிந்திருக்கும். அதற்கு மறைவிடை என்று பேர். எங்கே ஒளிந்திருக்கிறது என்று சொல்லமாட்டார்கள். புதிருக்கு அடியில் ஒரே ஒரு வரியில் ஜாடை காட்டுவார்கள். சுவக்கீன் எப்போதும் மேல் இடது மூலையில் தொடங்கி, படி இறங்குவதுபோல் கோணலாகக் கீழே ஒளித்து வைப்பார். பழகிய வாசகர்களுக்கு அது தெரியும். அவர்கள் விடையைக் கார்டில் எழுதி மதுரைக்குப் போடுவார்கள். ஆசிரியர் அந்தக் கார்டுகளையெல்லாம் கட்டி, சரிபார்க்கச் சொல்லிச் சுவக்கீனுக்கே அனுப்பிவிடுவார்.

மேல் வலது மூலையில் தொடங்கி இறங்கும் கோணல் வரி ஒன்று உண்டல்லவா, அது வாசகர்களுக்கு இல்லை. அது, அவர் செபம் என்று கூப்பிடும் மனைவி செபமாலையம்மாளுக்கு. எட்டாம் வகுப்பு வரை படித்தவள், தோட்டத்து ஸ்டோரில் ஏலக்காய் பொறுக்கும் வேலை. கல்யாணமான மறு வருஷம் சுவக்கீன் விளையாட்டாக அந்த வலது வரியில் 'கருவாடு' என்று ஒளித்து வைத்தார். பத்திரிகை அச்சாகி வர இரண்டு மாதம் ஆனது. அவரே மறந்துபோயிருந்தார். ஒரு நாள் வேலை முடிந்து வந்தால் வீடெல்லாம் கருவாட்டு வாசம். அவள் ஒன்றும் சொல்லாமல் சோறு போட்டாள். அன்றிலிருந்து அது அவர்களுக்குள் ஒரு பழக்கமாகிவிட்டது. ஒரு தடவை பெரிய சண்டை போட்டுவிட்டு 'மன்னிச்சிரு' என்று ஒளித்து வைத்தார். அது அச்சில் வந்தபோது என்ன சண்டை என்று இரண்டு பேருக்கும் ஞாபகமில்லை. வாயைத் திறந்து சொன்னால் ஒரு நிமிஷத்தில் முடிகிற காரியத்தை மதுரைக்கு அனுப்பி, அச்சடித்து, தபாலில் வரவழைத்துச் சொல்லிக்கொண்ட தம்பதியை அந்த மலையில் வேறு எங்கும் பார்க்க முடியாது.

அவர்களுக்கு ஒரே பிள்ளை, இன்னாசிராஜ். இருபது வயதில் அவனும் அதே தோட்டத்தில் காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்தான். ஆனால் மனசு பம்பாயில் இருந்தது. சிநேகிதன் ஒருத்தன் அங்கே ஒர்க்ஷாப்பில் இருந்தான். எழுபத்துநாலாம் வருஷம் ஜூலை மாதம், பம்பாய் போகிறேன் என்று அவன் கேட்க, கூடாது என்று சுவக்கீன் சொன்னார். கொஞ்சம் சத்தமாகவே சொன்னார். மறுநாள் மத்தியானம் கொட்டுகிற மழையில் அவன் தோட்டத்து ஜீப்பில் ஏறிப் பூப்பாறைக்குப் போனான். வழியில் இருந்த மரப்பாலத்தை ஆறு அடித்துக்கொண்டு போய்விட்டது. ஜீப்பும் போயிற்று. டிரைவர் உடம்பு இரண்டாம் நாள் கிடைத்தது. ஜீப் நான்காம் நாள் கிடைத்தது. இன்னாசிராஜ் கிடைக்கவில்லை.

பாலத்துக்கு முன்னாலேயே அவன் இறங்கிவிட்டான் என்று ஒருத்தர் சொன்னார். போடி பஸ் ஸ்டாண்டில் அவனை மாதிரி ஒரு பையனைப் பார்த்தேன் என்று இன்னொருத்தர் சொன்னார். நேரில் போய்க் கேட்டால் இரண்டு பேருமே, சரியாகத் தெரியவில்லை என்றார்கள். சுவக்கீன் ஆற்றோரமாகவே பதினோரு நாள் நடந்தார். பிறகு வேலைக்குப் போனார். செக்ரோலில் மகன் பேருக்கு நேரே தினமும் ஆப்சென்ட் போட்டார். முப்பது நாள் தொடர்ந்து வராதவன் பேரை அடித்துவிட வேண்டும் என்பது தோட்டத்துச் சட்டம். முப்பத்தோராம் நாள் ஸ்கேலை வைத்து அவரே சிவப்பு மையில் ஒரு கோடு போட்டார். அப்போது அழுகை வரும் என்று எதிர்பார்த்தார், வரவில்லை. ஸ்கேலைத் துடைத்து மேஜைக்குள் வைத்துவிட்டு அடுத்த பேரைக் கூப்பிட்டார்.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அந்த மலையில் இருக்கும் கிறிஸ்தவக் குடும்பங்கள் எல்லாம் கோயிலில் இறந்தவர்கள் பேரை எழுதிக் கொடுப்பார்கள். பூசையில் சாமியார் ஒவ்வொரு பேராக வாசித்து அந்த ஆன்மாவுக்காக மன்றாடுவார். பிறகு அவரவர் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். அந்த முதல் வருஷம் அக்டோபரில் சுவக்கீன் அடுப்படி வாசலில் நின்று கேட்டார்.

"பேரக் குடுத்துரட்டுமா?"

செபமாலையம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. "உடம்பப் பாத்தீகளா?"

"இல்ல."

"பாக்காம எம்பிள்ள பேர அந்த லிஸ்டுல குடுக்கக் கூடாது. குடுத்தா நீங்களே அவனக் கொன்ன மாதிரி."

அதோடு முடிந்தது அந்தப் பேச்சு. அவன் பேரைச் சொல்வதும் அதோடு முடிந்தது. உப்பு இல்லை, மழை வருகிறது, பால்காரன் வந்தான் என்ற அளவில் நாலு வருஷம் ஓடியது. வலது மூலை வரியில் ஒன்றும் ஒளிந்திருக்கவில்லை. கைக்கு வந்த எழுத்து அதில் விழுந்தது. அவளும் பத்திரிகை வந்தால் முன்போல் பென்சிலோடு உட்கார்ந்து நிரப்பினாள், மூடி வைத்தாள். அவள் வருத்தப்படுகிறாளா கோபமாக இருக்கிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. தான் வருத்தமாக இருக்கிறோமா என்பதும் தெரியவில்லை. குளிரில் மரத்த விரலை மரத்தில் தட்டிப் பார்ப்பதுபோல் சில சமயம் தன்னைத் தானே கேட்டுப் பார்ப்பார். ஒன்றும் இருக்காது.

ஒன்று மட்டும் அவரை விடவில்லை. பிள்ளை செத்துவிட்டான் என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. செத்தவர்கள் உத்தரிக்கிற ஸ்தலத்தில் காத்துக் கிடப்பார்கள், உயிரோடு இருப்பவர்கள் வேண்டிக்கொண்டால்தான் மோட்சத்துக்கு நகர முடியும் என்று சின்ன வயதில் படித்தவர் அவர். ஊரில் எல்லார் பேரையும் வாசிக்கிறார்கள், ஒரு ஜெபத்துக்குக்கூட வழியில்லாமல் தன் பிள்ளை மட்டும் நிற்கிறான். அதுவும் கோபமாகப் பேசி அனுப்பிய பிள்ளை. அவளுக்குத் தெரியாமல் பேரைக் கொடுத்துவிடலாம்தான், ஆனால் பேர் கோயிலில் சத்தமாக வாசிக்கப்படும். அவள் முன் வரிசையில் நிற்பாள்.

எழுபத்தெட்டாம் வருஷம் ஜூலையில், செப்டம்பர் இதழுக்கான புதிரை அவர் போட உட்கார்ந்தார். பத்துக்குப் பத்துக் கட்டம். இடது மூலையில் வாசகர்களுக்காக 'மெழுகுவர்த்தி' என்று ஒளித்தார். அடியில் 'நின்றபடியே உருகும்' என்று ஜாடை எழுதினார். பிறகு பென்சிலை வலது மூலைக்குக் கொண்டுபோனார். 'இ' என்று எழுதினார். அங்கிருந்து 'இஞ்சி' கீழ்நோக்கி இறங்கியது. கோணல் வரியில் அடுத்த கட்டம் 'ன்', அடுத்தது 'னா'. 'ஜ்' வந்த இடத்தில் 'ராஜ்யம்' என்ற சொல்லை நுழைத்தார். ஆறு கட்டத்தில் பிள்ளை பேர் முழுசாக உட்கார்ந்துவிட்டது. கேட்க வேண்டியதை அவர் இப்படித்தான் கேட்டார். செபம், போனவனை வழியனுப்பி வைப்போமா என்று அதற்கு அர்த்தம். அர்த்தம் அவருக்குத் தெரிந்ததால் அவளுக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டார்.

செப்டம்பர் இதழ் வந்தது. அவர் ஆபீஸிலிருந்து வரும்போது பத்திரிகை மேஜையில் மூடிக் கிடந்தது. எடுத்துப் பார்த்தார். எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. "காப்பி ஆறிப்போகும்" என்றாள். மறுநாளும் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வாரக் கடைசியில், நாலு வருஷமாகத் திறக்காத இன்னாசிராஜின் தகரப் பெட்டியைத் திறந்து, சட்டைகளை எல்லாம் எடுத்துத் துவைத்து வெயிலில் போட்டாள். செத்தவர் துணியைத் துவைத்து இல்லாதவருக்குக் கொடுப்பது ஊர் வழக்கம். சுவக்கீன் கொடியில் ஆடிய சட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். சரி, மனசு இறங்கிவிட்டாள் என்று நினைத்தார்.

அக்டோபரில் மதுரையிலிருந்து கார்டுக் கட்டு வந்தது. நூற்று நாற்பதுக்கு மேல் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, ஒவ்வொன்றாகப் பார்த்துச் சரி போட்டுக்கொண்டே வந்தார். பாதிக்கு மேல் போனபோது சாந்தன்பாறை முத்திரை குத்திய ஒரு கார்டு. அனுப்பியவர் பேர் இல்லை. மறைவிடை மெழுகுவர்த்தி என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே, 'வலது மூலையிலிருந்து ஆறு கட்டம்: இன்னாசிராஜ்' என்று இருந்தது. அந்த 'ஜ்' மேல் புள்ளியைச் சின்ன வட்டமாகச் சுழிப்பது உலகத்தில் ஒருத்திதான்.

புதிர் போட்டவர் வீட்டிலிருந்து விடை அனுப்பக் கூடாது என்பதால் அவள் இதுவரை ஒரு கார்டுகூடப் போட்டதில்லை. இப்போது போட்டிருக்கிறாள். நாலு வருஷமாக வாயில் வராத பேரை முழுசாக எழுதியிருக்கிறாள். அந்த நேரம் அவள் அடுப்படியில், பத்தடி தூரத்தில், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எழுந்து போய், இதுக்கு என்ன அர்த்தம் செபம் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வாய் என்று ஒன்றை ஆண்டவர் எதற்குத்தான் இந்த இரண்டு பேருக்கும் கொடுத்தாரோ. கார்டை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேரே கோயிலுக்கு நடந்தார்.

கோயில் காரியங்களைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் கபிரியேல், பட்டியல் நோட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"யார் பேரு, கிளார்க்கய்யா?"

"எம்பையன் பேரு."

கபிரியேல் பேனாவைக் கீழே வைத்தார். "அக்காவுக்குச் சம்மதமா?"

"சம்மதம். எழுதியே குடுத்துட்டா."

கபிரியேல் அதற்கு மேல் கேட்கவில்லை. நோட்டைச் சுவக்கீன் பக்கம் திருப்பி, நீங்களே எழுதுங்க என்றார். சுவக்கீன் எழுதினார். செக்ரோல் எழுதுகிற அதே கையெழுத்து. வீட்டுக்கு நடக்கும்போது கால் கொஞ்சம் லேசாக இருந்தது.

கல்லறைத் திருநாள் அன்று விடிந்ததிலிருந்தே சாரல். கோயில் ஈர நெடியும் மெழுகு நெடியுமாக இருந்தது. பெண்கள் பக்கம் முதல் வரிசையில் செபமாலையம்மாள் முக்காடு போட்டு நின்றாள். செத்துப்போன தகப்பனுக்காகவும் அக்காளுக்காகவும் வருஷா வருஷம் வருகிறவள்தான். சாமியார் பட்டியலை எடுத்தார். ஒவ்வொரு பேருக்கும் ஜனங்கள் தாழ்ந்த குரலில் பதில் சொன்னார்கள். அவள் தகப்பன் பேர் வந்தது, அக்காள் பேர் வந்தது. ஏழெட்டுப் பேர் கழித்து, இன்னாசிராஜ், வயது இருபது என்று சாமியார் வாசித்தார்.

அவள் அழவில்லை, கத்தவில்லை. முக்காட்டை எடுத்துவிட்டு மெதுவாகத் திரும்பி, ஆண்கள் பக்கம் பார்த்தாள். சுவக்கீன் அவள் கண்ணைப் பார்த்தார். அப்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது, எங்கேயோ பெரிய தப்பு நடந்துவிட்டது என்று. சாமியார் அடுத்த பேருக்குப் போய்விட்டார். கோயிலில் வாசித்த பேரைத் திரும்ப வாங்க வழி கிடையாது.

பூசை முடிந்து எல்லாரும் மெழுகுவர்த்தியோடு கல்லறைப் பக்கம் போக, அவள் மட்டும் எஸ்டேட் ரோட்டில் ஏறினாள். சுவக்கீன் பின்னாலேயே போனார். ஏலச்செடி மறைவில் ரோடு திரும்பும் இடத்தில் அவள் நின்றாள்.

"பேரக் குடுத்தது நீங்கதான?"

"ஆமா."

"யாரக் கேட்டுக் குடுத்தீக?"

"நீதான செபம் எழுதி அனுப்புன?" சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்துக் காட்டினார்.

அவள் கார்டை வாங்கவில்லை. "இத நான் ஒங்களுக்கா அனுப்புனேன்? மதுரைக்கு அனுப்புனேன். கட்டி ஒங்களுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி ஆபீஸ்ல யாராவது படிச்சிட்டு, இந்தப் பையன எங்களுக்குத் தெரியுமேன்னு சொல்ல மாட்டாங்களான்னு அனுப்புனேன். விடையோட அச்சுல போட்டா, பம்பாய்லகூடப் புஸ்தகம் வாங்குறவுக பாப்பாகல்ல. நீங்க அவன் பேரப் போட்டதப் பாத்ததும், இந்த மனுசன் இப்பத்தான் பிள்ளையத் தேட ஆரம்பிச்சிருக்காருன்னு நெனச்சேன். அவன் பேரச் சொல்லிக் கூப்புடுறீகன்னு நெனச்சேன். வந்தா போட்டுக்கிறட்டும்னு சட்டையெல்லாம் தொவச்சி வச்சிருக்கேன்."

சுவக்கீன் கார்டைத் திரும்பப் பைக்குள் வைத்தார். "நான் அவன வழியனுப்பத்தான் போட்டேன்" என்றார். "ஒரு ஜெபம்கூட இல்லாம நிக்கிறானேன்னு போட்டேன். எம்மேல கோவமாப் போனவன்."

"ஒங்க மேல கோவம்னா ஓடித்தான் போயிருப்பான்" என்றாள் அவள். "சாக மாட்டான்."

சாரல் வலுத்தது. நாலு வருஷத்தில் இத்தனை வார்த்தை அவர்கள் பேசியதில்லை. பேசி முடித்த பிறகு ஒருத்தர் பின்னால் ஒருத்தராக வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

அடுத்த எட்டு நாள் அவள் உப்பு, மழை, பால்காரன் பேச்சுக்கூடப் பேசவில்லை. சோறு மட்டும் நேரத்துக்கு வந்தது. சுவக்கீன் ஆபீஸ் போனார், பேர் கூப்பிட்டார். யாரோ கிணற்றுக்கு அடியிலிருந்து பதில் சொல்வதுபோல் ஆட்கள் குரல் கேட்டது. ஒரே ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் செய்த காரியம் ஆறுதலாகவும் இல்லை, பாவமாகவும் உறைக்கவில்லை. இவள் இனி எந்தக் காலத்திலும் தன்னை மன்னிக்கமாட்டாள் என்பது மட்டும் உறுதியாகத் தெரிந்தது. அதையும் ஒரு செய்தி மாதிரிதான் தெரிந்துகொண்டார்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் அவர் மேஜை முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் நின்றாள்.

"அடுத்த புதிர் எப்ப அனுப்பணும்?"

"பதினஞ்சாம் தேதிக்குள்ள."

"அதுல திரும்பவும் அவன் பேரப் போடுங்க" என்றாள். "இந்தத் தடவ கூப்புட்டுப் போடுங்க."

வாசித்தாகிவிட்டதே, கோயிலில் அத்தனை பேர் முன்னால் அவனுக்காக வேண்டிக்கொண்டாகிவிட்டதே என்று சொல்ல அவர் வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. ஸ்கேலை எடுத்துக் கட்டம் போட்டார். வலது மூலையில் தொடங்கி ஆறு எழுத்தையும் இறக்கினார். பார்த்தால் போன தடவை போட்டதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. வழியனுப்பப் போட்டாலும் கூப்பிடப் போட்டாலும் பேர் பேராகத்தான் இருந்தது.

"கூப்புடுறது எப்படித் தெரியும்?" என்று கேட்டார். அவளிடம் இப்படி வாய்விட்டு ஒரு யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை.

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கோணல் வரியில் மிச்சமிருந்த கட்டங்களை விரலால் எண்ணினாள். நாலு இருந்தது.

"வந்துருன்னு போடுங்க" என்றாள்.

சுவக்கீன் பென்சிலைப் பிடித்து 'வ' என்று எழுதினார். 'ந்' எழுதினார். பிள்ளை செத்துவிட்டான் என்று நாலு வருஷமாக உறுதியாக இருந்தவர், பட்டியலில் தன் கையாலேயே எழுதியவர். 'து' எழுதும்போது, ஒருவேளை பாலத்துக்கு முன்னாலேயே இறங்கியிருப்பானோ என்று தோன்றியது. கடைசிக் கட்டத்தில் 'ரு' எழுதினார். நெஞ்சுக்குள் எங்கேயோ பிடித்து இழுத்தது. ஐயோ, வலிக்கிறதே என்றுதான் முதலில் நினைத்தார். மரத்த விரலில் உயிர் திரும்பும்போது இப்படித்தான் வலிக்கும்.

மறுநாள் ஆபீஸில் செக்ரோல் எழுதிக்கொண்டிருந்தபோது பூப்பாறை பஸ் கீழே ரோட்டில் வந்து நின்றது. தினமும் நிற்கிற பஸ்தான். எழுதுவதை நிறுத்திவிட்டு, ஜன்னலுக்குப் போய், கடைசி ஆள் இறங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.